ஊசி இறங்காத நாள்

ஜனவரி 6, திங்கள்

தாவூத் பாய் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் ஐம்பத்தாறு வயதில் டைரி எழுத எனக்கென்ன வேண்டுதலா? இந்த டைரியும் அவர் கொடுத்ததுதான். ஏதோ டயர் கம்பெனிக்காரன் அவருக்கு இலவசமாகக் கொடுத்தது. அட்டையில் அவருடைய கிரீஸ் விரல்கள் ஐந்தும் பதிந்திருக்கின்றன.

விஷயம் இதுதான். என் வேனில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி இறங்குகிறது. எல்லார் வண்டியிலும் ஏறிக்கொண்டு போய் உயிரை வாங்கும், என் வண்டியில் இறங்குகிறது. வால்பாறையில் கிளம்பும்போது நடுவில் நிற்கும். உச்சியில் இருக்கும் நாற்பதாம் வளைவிலிருந்து இறங்க ஆரம்பித்தால் ஊசியும் கூடவே இறங்கி, பாதி மலையில் அடியில் போய்ப் படுத்துவிடும். ஆழியாறு தாண்டிச் சமதளம் வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நிற்கும். இருபத்திரண்டு வருடம் இந்த மலையில் வண்டி ஓட்டுகிறேன், இந்தக் கூத்து தீபாவளிக்கு அப்புறம்தான்.

பாய்க்குப் பொள்ளாச்சியில் பட்டறை. இன்று இன்ஜினைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாசி, தெர்மோஸ்டாட் வால்வு எங்கப்பா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் உடுமலையில் ஒரு மெக்கானிக், "நம்ம வெயிலுக்கு இதெல்லாம் எதுக்குண்ணே, கழட்டிப் போட்டா வண்டி சூடே ஆகாது" என்று கழற்றித் தூர எறிந்தான். நானும் சரி என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அவன் இருக்கறது உடுமலைல. நீ இருக்கறது வால்பாறைல. தண்ணி ஆறிடாம கதவு மாதிரி மூடிக்கறதுக்குத்தான அந்த வால்வு. சளி புடிச்சவன் சட்டையக் கழட்டிட்டுப் போன மாதிரி இருக்கு" என்றார். புது வால்வு போட்டார். அப்புறம்தான் இந்த டைரி. "எந்த வளைவுல, எந்த கியர்ல, ஊசி எங்க நிக்குதுன்னு எழுதி வை. ரெண்டு வாரம் கழிச்சுக் கொண்டா" என்றார்.

என் மகள் சீலிக்கு இது ஒன்பதாம் மாதம் தொடங்குகிறது. அவளைப் பொள்ளாச்சிக்குக் கொண்டு போகும் நாளில் வண்டி ஏதாவது வம்பு பண்ணினால் நான் மனிதனாக இருக்க மாட்டேன். அதற்காகத்தான் இவ்வளவும்.

ஜனவரி 7, செவ்வாய்

40ஆம் வளைவு: ஊசி நடுவில். முதல் கியர்.
31: நடுவுக்குக் கொஞ்சம் கீழே. முதல் கியர்.
20: இன்னும் கீழே. முதல் கியர்.
9: அங்கேயே. முதல் கியர்.
1: அங்கேயே.

முன்பு போல அடிவரை போகவில்லை. ஆனாலும் இறங்குகிறது. புது வால்வும் சொல் பேச்சுக் கேட்கவில்லை.

ஸ்டாண்டில் எனக்கு அடுத்த வண்டிக்காரன் கனகு. அவனுக்கு என்னைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது. இன்று எனக்குப் பின்னால் பதினெட்டு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே வந்தானாம். "அண்ணே, வேன் ஓட்டுனீங்களா, தேர் இழுத்தீங்களா? எனக்கு முன்னாடி ஒரு ஆமை ஓவர்டேக் பண்ணிப் போச்சு" என்கிறான். மலையில் முதல் கியரில் இறங்குவதுதான் பாதுகாப்பு என்று சொன்னேன். "முன்னெல்லாம் மூணாவது கியர்ல பறப்பீங்களேண்ணே?" என்றான். வயசுப் பயலுக்கு என்ன தெரியும்.

ஜனவரி 9, வியாழன்

ஊசி முந்தாநாள் போலவே.

இன்று ஒரு மானக்கேடு. பொள்ளாச்சியில் இறங்கும்போது, வண்டியில் வந்த டீச்சரம்மா, "டிரைவர் சார், ஒரு கால்ல செருப்பைக் காணோமே" என்றார்கள். குனிந்து பார்த்தால் வலது கால் வெறுங்காலாக நிற்கிறது. செருப்பு அட்டகட்டியில் டீ குடிக்க இறங்கின இடத்தில் கிடந்ததாம், பின்னால் வந்த கனகு எடுத்து வந்தான். வார் தளர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் செருப்பு என்று என்னத்தைச் செய்கிறார்கள்.

வீட்டில் சொன்னேன். சீலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் வீட்டுக்காரி ரெஜினாவும் சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் தேங்காய் எண்ணெயோடு வந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக முப்பது குழந்தைகளை மேய்க்கிறவள், முப்பத்தோராவது நான்.

"கண்ண மூடுங்க. நான் இப்ப தொடறது எந்த விரல்?"

"பெருவிரல்."

"இது?"

"அதுவும் பெருவிரல்தான். என்ன விளையாட்டு இது?"

மூன்று தரம் கேட்டாள், மூன்று தரமும் பெருவிரல் என்றேன். அதைத்தான் தொட்டிருப்பாள். "சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். காலில் எண்ணெய் ஒரு கை அதிகமாகவே பூசியிருந்தாள்.

ஜனவரி 12, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். சவாரி இல்லை.

சீலி பணியாரம் கேட்டாள். ரெஜினா சுட்டாள். நான் நாலு எடுத்தேன். "உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்று தட்டைப் பிடுங்கினாள். பதினோரு வருஷமாக இருக்கிற சர்க்கரை, நாலு பணியாரத்திலா ஓடிப்போகப் போகிறது? சீலி தன் தட்டிலிருந்து ஒன்றை முந்தானைக்குள் மறைத்து எனக்குக் கொடுத்தாள். என் பிள்ளை.

சம்பந்தியம்மா திருப்பூரில் தெளிவாகத்தான் சொன்னார்கள், "ஆஸ்பத்திரி எல்லாம் இங்க பக்கத்துல இருக்கு, பொண்ணு இங்கயே இருக்கட்டும்" என்று. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று நான்தான் மீசையை முறுக்கினேன். வளைகாப்பு முடிந்த கையோடு நாற்பது வளைவும் ஏற்றிக் கொண்டுவந்தேன். இப்போது குழந்தைக்குத் தலை மேலே இருக்கிறதாம். இங்கே பார்க்க மாட்டார்கள், பொள்ளாச்சிக்குத்தான் போக வேண்டும். ஏற்றினதை இறக்க வேண்டும். ரெஜினா இதைச் சொல்லிக் காட்டுவதில்லை. சொல்லிக் காட்டினாலாவது திருப்பிச் சண்டை போடலாம்.

20ஆம் தேதி ஸ்கேன். "அப்பா ஓட்டுனாத்தான் வருவேன். மத்தவங்க ஓட்டுனா எனக்கு வாந்தி வரும்" என்கிறாள் சீலி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் ஏறினால் கவர்க்கல் தாண்டுவதற்குள் குடலைக் கக்குவாள். என் வண்டியில் ஏறினால் தூங்கிவிடுவாள். எனக்கு இதைவிட ஒரு சர்டிபிகேட் வேண்டுமா?

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாததால் வேனைக் குளிப்பாட்டினேன். சந்தனம், மாலை எல்லாம் உண்டு. சீலி வண்டிக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

நனைந்த உடம்பு குளிருகிறதே என்று வெந்நீர் வாளியில் காலை விட்டு உட்கார்ந்தேன். ரெஜினா ஓடிவந்து வாளியைக் கவிழ்த்தாள். "இப்பத்தான் அடுப்புல இருந்து இறக்குனேன், விளாவவே இல்ல!" என்று கத்தினாள். எனக்கு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சாயங்காலம் இரண்டு கொப்புளம். மஞ்சள் வைத்தாள்.

ஜனவரி 16, வியாழன்

பாயிடம் காட்டும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

தீபாவளியிலிருந்து பிரேக்கை மிதித்தால் தலையணையை மிதிப்பது போல இருக்கிறது. எவ்வளவு மிதித்தேன் என்று தெரிவதில்லை. வண்டி நின்றால்தான் மிதித்திருக்கிறேன் என்று தெரிகிறது. முதலில் பிரேக்கில்தான் கோளாறு என்று நினைத்து அதைப் பிரித்துக் காட்டினேன். பிரேக் புதுசு மாதிரி இருக்கிறது என்றார் பாய்.

அதனால்தான் முதல் கியர். கியர் என்றால் கை. கை நன்றாக இருக்கிறது. முதல் கியரில் போட்டுவிட்டு எல்லாப் பெடலிலிருந்தும் காலை எடுத்துவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வளைவில் மட்டும் பிரேக்கைத் தொட்டால் போதும். இப்படி மூன்று மாதமாக ஒரு குறையும் இல்லாமல் இறங்குகிறேன்.

வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. சீலியை இறக்கிவிட்டால் அப்புறம் டாக்டரிடம் போவேன். இப்போதே போனால் அவர் வண்டியைத் தொடாதே என்பார். அப்புறம் என் பிள்ளையை யார் கொண்டு போவது?

ஜனவரி 20, திங்கள்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஊசி இறங்கவே இல்லை!

40: நடுவில். 31: நடுவில். 20: நடுவில். 9: நடுவில். 1: நடுவில். ஆணி அடித்த மாதிரி நின்றது. புது வால்வு ஒருவழியாகப் படிந்துவிட்டது போல.

சீலியையும் ரெஜினாவையும் கூட்டிக்கொண்டு ஸ்கேனுக்குப் போனேன். பத்து மணிக்கு இருக்க வேண்டும் என்பதால் இன்று இரண்டாவது கியர். வேகம் கூடுமே என்று காலைத் தூக்கிப் பிரேக்குக்கு மேலே தயாராக வைத்துக்கொண்டுதான் இறங்கினேன். வண்டி கொஞ்சம் துள்ளலாகத்தான் வந்தது, இன்ஜினுக்கும் குஷி வரும் போல. "அப்பா, இன்னிக்கு ஜம்முனு வந்துட்டீங்க" என்றாள் சீலி. ஒரு வாந்தி இல்லை. பாதி வழி தூங்கினாள்.

ஒன்பதாம் வளைவில் ஒரு வரையாடு நடுரோட்டில் நின்றது. மிதித்தேன். வண்டி ஒரு உறுமல் உறுமி முன்னால் பாய்ந்து, மறுபடி மிதித்த பிறகுதான் நின்றது. ஆடு தாவிவிட்டது. சரிவு அதிகமான இடம் அது. ரெஜினா கைப்பிடியை விடவே இல்லை, கீழே போய்ச் சேரும்வரை உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபமாலை சொல்லியிருப்பாள்.

குழந்தைக்கு இன்னும் தலை மேலேதான். பிப்ரவரி 3 வந்து சேர்ந்துவிடுங்கள், 4 காலையில் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் என்றதும் சீலி முகம் வாடியது. "அப்பா இருக்கேன்ல, பஞ்சு மாதிரி கொண்டாந்து இறக்குறேன்" என்றேன். சிரித்தாள்.

ஜனவரி 22, புதன்

பாயிடம் டைரியைக் கொடுத்தேன். ஊசி சரியாகிவிட்டது, சும்மா பாருங்கள் என்று பெருமையாக நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உதட்டை அசைத்து அசைத்து எல்லாவற்றையும் படித்தார். பணியாரம், செருப்பு, ஒன்றையும் விடவில்லை. 16ஆம் தேதிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் அதைக் கிழிக்க மறந்தது எனக்கு உறைத்தது. கையை நீட்டினேன். டைரியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு படித்தார்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"இன்னாசி, கியர்ல இறங்கறப்போ இன்ஜின் வண்டிய இழுக்கல, வண்டிதான் இன்ஜின இழுக்குது. நீ கால எடுத்துட்டா டீசல் போகாது. அடுப்புல தீ இல்ல. ஆனா விசிறி சுத்துது, தண்ணி ஓடுது, மலைக் காத்து வேற. பாத்திரம் ஆறத்தான செய்யும்? முன்ன நீ மூணாவதுல வருவ, அங்கங்க ஆக்சிலேட்டர் குடுப்ப, ஊசி நிக்கும். இப்ப மலை பூராவும் முதல் கியர்ல, கால எடுத்துட்டு வர்ற. இறங்குது. அது கோளாறே இல்லப்பா. உன் கால் பெடல்ல இல்லன்னு ஊசி சொல்லுது, அவ்வளவுதான்."

"அப்ப நல்லதுதான பாய்?"

"நல்லதுதான். இப்ப இதச் சொல்லு." 20ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்து விரலால் தட்டினார். "அன்னிக்கு ஏன் இறங்கல?"

"வால்வு படிஞ்சிருச்சு."

"வால்வு ஒரே நாள்ல படியறதுக்கு அது என்ன புதுச் செருப்பா? ஊசி நிக்கணும்னா தீ எரியணும். தீ எரியணும்னா டீசல் போகணும். டீசல் போகணும்னா யாராவது மிதிக்கணும். நாப்பது வளைவும் யாருப்பா மிதிச்சது?"

பக்கத்தைத் திருப்பப் போனேன், அவர் விரலை எடுக்கவில்லை.

"ஆட்டப் பாத்து மிதிச்சப்ப வண்டி உறுமிச்சுன்னு நீயே எழுதியிருக்க. பிரேக்க மிதிச்சா வண்டி உறுமுமா?"

கோபம் வந்துவிட்டது. என் வண்டி, என் கால், உங்களுக்கென்ன என்று கேட்டேன். இருபது வருடப் பழக்கம். அவர் திருப்பிக் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாவியக் குடுத்துட்டுப் போ, பையன விட்டு மேல கொண்டாரச் சொல்றேன்" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

திரும்பும்போது ஆள் ஏற்றவில்லை. பஸ்ஸில் போங்கள் என்று அனுப்பிவிட்டேன். வழி முழுக்கக் காலைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே ஏறினேன்.

ஜனவரி 23, வியாழன்

வண்டி எடுக்கவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஜனவரி 24, வெள்ளி

வீட்டுக்கு முன்னால் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கியர் இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கிப் பிரேக் மேல் வைத்தேன். வைத்துவிட்டுக் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தேன். இப்படிப் பத்து தரம்.

பத்தில் நாலு தரம் கால் ஆக்சிலேட்டர் மேல் இருந்தது. இன்ஜின் சத்தம் ஏறுவது காதில் கேட்கிறது, காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். 20ஆம் தேதி பின் சீட்டில் சீலி தூங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குள்ளே இன்னொன்று தூங்கிக்கொண்டு வந்தது.

நிமிர்ந்தால் வாசலில் ரெஜினா. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எனக்குத் தீபாவளிக்கே தெரியும்ங்க. சங்கு சக்கரம் உங்க கால் மேல ஏறிச் சுத்துச்சு. நீங்க பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொன்னா வண்டிய விட்டிருப்பீங்களா? என்னத்தான் திட்டுவீங்க. டாக்டர்கிட்ட வாங்கன்னு எத்தனை வாட்டி கூப்பிட்டேன், சவாரி சவாரின்னு ஓடினீங்க. நீங்க நாப்பதுலயும் முதல் கியர்ல இறங்கறீங்கன்னு கனகு சொன்னான். சரி, மனுசன் அவருக்கும் தெரிஞ்சுதான் பாத்துப் போறாருன்னு நெனச்சேன். அன்னிக்கு வண்டி பாய்ஞ்சப்பத்தான் எனக்கு உசுரு போயிருச்சு. அன்னிக்கே உங்கள நிறுத்தியிருக்கணும். நானும்தான் தப்புப் பண்ணிட்டேன். மூணாந்தேதி சாவியத் தரமாட்டேன்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அந்தப் புள்ள வேற அப்பா அப்பான்னு உங்க வண்டியையே சொல்லிக்கிட்டு இருக்கு."

நான் அழுதேன். எழுதத்தான் வெட்கம், அழும்போது வெட்கமாக இல்லை. அவள் அழவில்லை. முந்தானையால் என் முகத்தைக் காப்பகத்துக் குழந்தைக்குத் துடைப்பது மாதிரி மூக்கோடு சேர்த்துத் துடைத்தாள்.

"சங்கடப்படாதீங்க. காலுதான் போச்சு, ஆளு இருக்கீங்கல்ல."

ஜனவரி 27, திங்கள்

டாக்டரிடம் போனோம். ஊசியால் குத்திக் குத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்றார். கணுக்காலுக்கு மேலேதான் தெரிந்தது. சர்க்கரை முந்நூற்று எண்பது. நரம்பு செத்துப் போச்சா என்றேன். மேற்கொண்டு போகாமல் பிடித்து நிறுத்தலாம், போனது முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். வண்டி ஓட்டவே கூடாது. செருப்பில்லாமல் நடக்கவும் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். "தினம் நான் பாத்துக்கறேன் சார்" என்றாள் ரெஜினா, எனக்குப் பதில் சொல்ல இடமே கொடுக்காமல்.

ஜனவரி 30, வியாழன்

ஸ்டாண்டுக்கு நடந்து போனேன். கனகைத் தனியாகக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். ஏதாவது கேலி பண்ணுவான், பண்ணட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

சாவியை மூடின கையோடு நின்றான். "எத்தன நாளாண்ணே?" என்றான். சொன்னேன். "நான் பாட்டுக்குப் பின்னாடி ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தேனேண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம், "மூணாந்தேதி எத்தன மணிக்கு வரட்டும்? எந்த கியர்ல இறக்கணும், எங்க எங்க நிறுத்தணும், எல்லாம் நீங்க சொல்லுங்க" என்றான். இவனுக்கு என்ன தெரியும் என்று ஆறாம் பக்கமோ ஏழாம் பக்கமோ எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று சீலியிடம் சொல்லியாக வேண்டும். நாளைக்குப் பயணம். மூன்று நாளாக ரெஜினா என்னைப் பார்ப்பதும் நான் டீ டம்ளரைப் பார்ப்பதுமாகப் போயிற்று. "நான் சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம், இது என் வாயால் வர வேண்டும் என்றேன்.

சீலி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குச் சின்னச் சின்னதாகத் தைத்த சட்டைகள். என்னைப் பார்த்ததும், "அப்பா, நாளைக்கு சீக்கிரம் கிளம்பிரலாம்ல? பனி இருந்தா மெதுவா போலாம். நீங்க ஓட்டறீங்கன்னா எனக்கு பயமே இல்ல" என்றாள்.

"நான் ஓட்டலம்மா. கனகு ஓட்டறான்."

"ஏன்? அதெல்லாம் முடியாது. அவங்க ஓட்டுனா நான் வரல."

"என் காலுக்கு உணர்ச்சி இல்ல சீலி. பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு என் காலுக்குத் தெரியல."

கையில் இருந்த சட்டையை மடித்தபடியே நின்றாள். மடித்ததையே மறுபடியும் மடித்தாள்.

"எப்ப இருந்துப்பா?"

"தீபாவளில இருந்து."

கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. என் பிள்ளை, என் மாதிரி மக்கு இல்லை.

"அப்ப அன்னிக்கு ஸ்கேனுக்குப் போனப்ப? என்ன வச்சுத்தான ஓட்டுனீங்க?"

"ஆமா."

"தெரிஞ்சேவாப்பா?"

காலில் கோளாறு என்று தெரியும், ஆக்சிலேட்டரில் இருந்தது என்று தெரியாது, இப்படி ஏதாவது சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான் அது. ஆனால் அவள் கேட்டது அதையில்லை.

"தெரிஞ்சேதான்மா. நான்தான் உன்னக் கொண்டு போவேன்னு ஒரு வீம்பு. மன்னிச்சிரும்மா."

வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். ரெஜினா மீனை ஆய்ந்து இரண்டு பேர் தட்டிலும் வைத்தாள், இரண்டு பேருமே தொடவில்லை. என் மேல் அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. இருபத்தேழு வருடத்துக்கும் சேர்த்து வந்த மாதிரி இருந்தது.

நாலு மணிக்கு வந்தாள். நான் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன், யார் ஓட்டினால் என்ன, என் வண்டிதானே. கண் வீங்கியிருந்தது.

"நாளைக்கு நீங்க முன்னாடி உக்காரக் கூடாது. பின்னாடி என் பக்கத்துல உக்காரணும்."

"சரிம்மா."

"எனக்கு வாந்தி வரும். நீங்கதான் பிடிக்கணும்."

"சரிம்மா."

"இனிமே எதையும் எங்கிட்ட மறைக்கக் கூடாது."

"சரிம்மா."

"பணியாரம்கூட" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 3, திங்கள்

இறங்கினோம்.

கனகு இரண்டாவது கியரில் வைத்து, வளைவுக்கு வளைவு முதலுக்கு மாற்றி, பூப்போல இறக்கினான். நான் பின்னாலிருந்து, "அங்க குழி இருக்கு", "லாரி வர்றான் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்கே என்னைச் சகிக்கவில்லை. அவன், "சரிங்கண்ணே, சரிங்கண்ணே" என்றான். முப்பதாம் வளைவில் ரெஜினா என் தொடையைக் கிள்ளினாள். அங்கே நன்றாகவே தெரிந்தது.

சீலிக்கு இருபத்தேழில் வாந்தி. பையை விரிப்பதற்குள் பாதி என் கையில். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று அந்த நிலையிலும் பெருமையாகச் சொன்னாள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கடவுள் மன்னிக்கட்டும்.

ஊசி இறங்கியது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன், இருபதாம் வளைவில் நடுவுக்கு ஒரு விரல் கீழே. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒன்பதாம் வளைவில் சீலிக்குக் காற்று வேண்டும் என்று நிறுத்தினோம். ஆழியாறு அணை முழுக்கத் தண்ணீர், பக்கத்தில் தென்னந்தோப்பு, தூரத்தில் பொள்ளாச்சி வரைக்கும் தெரிகிறது. டூரிஸ்டுகள் ஏன் அங்கே நின்று வாயைப் பிளக்கிறார்கள் என்று இருபத்திரண்டு வருடமாகத் திட்டியிருக்கிறேன். நான் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. "நல்லா இருக்குல்லப்பா?" என்று சீலி என் தோளில் சாய்ந்துகொண்டாள். இருக்கிறது என்றேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து வந்துவிட்டார். தாவூத் பாய் ஃபிளாஸ்கில் டீயோடு வந்தார். அன்று நான் பேசினதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "டீயக் குடி மொதல்ல, சர்க்கரை போடல" என்றார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை 9.40. பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. தாயும் சேயும் சுகம். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 5, புதன்

குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறாள். சீலிக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸ் வந்து, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா குடிக்கணும். எழுப்புங்க. உள்ளங்கால்ல லேசா சுண்டுங்க, முழிச்சிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மாப்பிள்ளைக்குத் தொடவே பயம். ரெஜினா வெந்நீர் பிடிக்கப் போயிருந்தாள். சீலி துணியை விலக்கிக் காலை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "நீங்க பண்ணுங்கப்பா" என்றாள்.

என் கட்டைவிரல் அளவுதான் மொத்தப் பாதமும். சிவப்பாக, சுருக்கம் சுருக்கமாக. ஐந்து விரலும் பட்டாணி மாதிரி. வலிக்குமோ என்று பயந்து, பூவின் மேல் தூசியைத் தட்டுவது போல உள்ளங்காலில் ஒரே ஒரு சுண்டு சுண்டினேன்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்! காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"தெரியுது சீலி, இவளுக்குத் தெரியுது" என்றேன். சீலி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவள் கண்ணிலும் தண்ணீர். மறு காலைச் சுண்டினேன். அதையும் இழுத்துக்கொண்டாள். முதல் காலை மறுபடி சுண்டினேன், மறுபடி இழுத்தாள். இப்போது வாயைத் திறந்து வார்டே அதிர வீறிட்டாள். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

வெந்நீரோடு வந்த ரெஜினா என் கையைத் தட்டிவிட்டாள். "போதும்ங்க, எந்திரிச்சிட்டா. புள்ளைக்குப் பசிக்குது பாருங்க, நகருங்க."

நகர்ந்து உட்கார்ந்தேன். குழந்தை குடிக்க ஆரம்பித்தாள்.